துண்டு போட்ட இருக்கை

(மூன்றாம் ஆண்டு கணிப்பொறி அறிவியல் மாணவன்)

காலை எட்டரை மணிக்கு நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். நகரப் பேருந்து வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே பறக்கும். துண்டு விழுந்த இருக்கை துண்டுக்காரருக்கு உரியது. இதற்கு எந்தச் சட்டமும் இல்லை. ஆயினும் இதை மீறுபவர் அரிது.

ஒருநாள் துண்டு போட்டவர் வரவேயில்லை. தேநீர் குடிக்கப் போனவர் வேறு வண்டியில் ஏறிவிட்டாரோ, என்னவோ! வண்டி புறப்பட்டுவிட்டது. இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் கம்பியைப் பிடித்து நின்றார். அவர் அருகிலேயே இருக்கை ஒன்று காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு. "ஆள் வருதுங்க" என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். வராத ஆளுக்காகக் கல்லூரி நிறுத்தம் வரை அந்தத் துண்டு மட்டும் உட்கார்ந்து வந்தது.

நண்பர்களே! இக்கட்டுரை பேருந்தைப் பற்றியது அன்று. கணிப்பொறியில் நாம் போடும் துண்டுகளைப் பற்றியது. போட்டவன் போய்ச் சேர்ந்த பின்னும் இருக்கையைவிட்டு அகலாத அந்தத் துண்டுகளால் என் தோழர் சிலர் துன்பப்பட்டனர். அதற்குக் காரணம் நான். ஆகவே இதை எழுதும் கடமையும் எனக்கே உண்டு.

பூட்டு எதற்கு?

கணிப்பொறி படிக்காத நண்பர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஒரு பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதன் நகலை எடுத்துச் செல்கின்றனர். ஒவ்வொருவரும் தம் பெயரை நாற்பத்தொன்றாவதாக எழுதித் திருப்பி வைக்கின்றனர். பின்னால் வைத்தவரின் நகல் நிற்கும். முன்னால் வைத்தவரின் பெயர் மறையும். யார் மீதும் குற்றமில்லை. ஆனால் ஒருவர் பெயர் போய்விட்டது.

இதைத் தடுக்கவே கோப்புப் பூட்டு. வேலையைத் தொடங்கும் ஸ்கிரிப்ட், 'பூட்டு' என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை வட்டில் வைக்கும். அடுத்து வருவது அதைக் கண்டால் காத்திருக்கும். வேலை முடிந்ததும் முதல் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பை அழித்துவிடும். ஆம், இது துண்டு போடும் வழக்கமேதான்!

இதிலேயே ஒரு நுட்பம் உண்டு. 'பூட்டு இருக்கிறதா?' என்று பார்ப்பது ஒரு செயல். 'இல்லை, நான் வைக்கிறேன்' என்பது மற்றொரு செயல். இரண்டுக்கும் இடையில் இன்னொருவன் நுழைந்துவிடலாம். அதனால்தான் கோப்புக்குப் பதிலாக 'எம்கேடிர்' கட்டளையால் ஓர் அடைவை உருவாக்குமாறு சொல்வார்கள். அது பார்ப்பதையும் வைப்பதையும் ஒரே செயலாகச் செய்யும். ஏற்கனவே இருந்தால் தோல்வி என்று கூறிவிடும். இவ்வளவையும் நான் படித்திருந்தேன். பூட்டுப் போடக் கற்றிருந்தேன். போட்டவன் நடுவழியில் இறந்தால் யார் திறப்பது என்று மட்டும் எண்ணவில்லை.

ஆய்வகத்தில் நடந்தது

இரண்டாம் ஆண்டில், செய்முறை நிரல்களைச் சமர்ப்பிப்பதற்கு எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். மாணவர் தம் நிரலைக் கொடுத்தால் அது பதிவேட்டைத் திறந்து, பெயரைச் சேர்த்து, வரிசை எண்படி அடுக்கித் திரும்ப எழுதும். பலரும் பாராட்டினர். எனக்கும் தலை சற்றுக் கனத்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

சமர்ப்பிக்க இறுதி நாள். பிற்பகல் மூன்றே முக்காலுக்கு மின்சாரம் நின்றது. யு.பி.எஸ். பெட்டி இருந்தது, அதன் பேட்டரி முன்பே ஓய்ந்துவிட்டது. அந்த நொடியில் ஒரு மாணவரின் பெயர் பதிவாகிக்கொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஸ்கிரிப்ட் திரும்பவில்லை, அது வைத்த பூட்டு மட்டும் வட்டில் அப்படியே இருந்தது.

அதன்பின் வந்தவர் அனைவருக்கும் திரையில் ஒரே பதில்: "மற்றொருவர் சமர்ப்பித்துக்கொண்டிருக்கிறார். சற்றுப் பொறுங்கள்." நான் எழுதிய பணிவான வாசகம்! பொறுத்தார்கள். ஐந்து மணிக்கு ஆய்வகம் மூடப்பட்டது. நான் அன்று நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இருந்தேன்.

திங்கட்கிழமை முதலாமாண்டு மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, 'பொறுங்கள்'னு போட்டுச்சு, பொறுத்தேன். அஞ்சு இருபது பஸ்ஸை விட்டா எங்க ஊருக்கு ராத்திரிதான் வண்டி. அதனால போயிட்டேன். இப்போ பட்டியல்ல எனக்குச் சுழி போட்டிருக்கு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இயந்திரம் பொறுக்கச் சொன்னது; இவர் நம்பினார். இறந்துபோன ஒன்றுக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

ஆசிரியர் விசாரித்து மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தார். என்னை அழைத்து ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, உன் ஸ்கிரிப்ட் உயிரோடு இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. அது சாகும்போது என்ன செய்கிறது என்று பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை. அன்றுதான் பார்க்கத் தொடங்கினேன்.

எத்தனை வகைச் சாவு!

ஒரு ஸ்கிரிப்ட் எதிர்பாராமல் முடிவதற்கு வழிகள் பல. பிழை நேர்ந்து தானே நின்றுவிடலாம். பயன்படுத்துபவர் கன்ட்ரோல் விசையோடு 'சி'யை அழுத்தலாம். அது 2-ஆம் எண் சைகை. முனையச் சாளரத்தை மூடிவிட்டால் 1-ஆம் எண் சைகை வரும். 'முடித்துக்கொள்' என்று முறையாகக் கேட்பது 15-ஆம் எண் சைகை. இவற்றையெல்லாம் ஸ்கிரிப்ட் காதில் வாங்கிக்கொள்ள முடியும். 'டிராப்' என்ற கட்டளை அதற்காகவே உள்ளது. 'எப்படிப் போனாலும் போகும் முன் பூட்டை எடுத்துவிட்டுப் போ' என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

ஆனால் 9-ஆம் எண் சைகை அப்படிப்பட்டதன்று. அதை எந்த நிரலும் பிடிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸின் கெர்னல் தானே ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொல்வதும் இந்தச் சைகையால்தான். மின்வெட்டோ சைகைகூடக் கொடுப்பதில்லை! கடைசி வார்த்தை பேச நேரமில்லாத சாவுகள் இவை.

டிராப் கட்டளையைப் படித்ததும் என் ஸ்கிரிப்டைத் திருத்தினேன். 'முடியும்போது பூட்டை அழி' என்ற வரியை எல்லாவற்றுக்கும் முதலில் வைத்தேன். முன்னெச்சரிக்கை அல்லவா? இரண்டு வாரம் கழித்துப் பதிவேட்டில் மூன்று பெயர்கள் காணாமற்போயின.

நடந்தது இதுதான். முதல் மாணவர் பூட்டுப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டாமவரின் ஸ்கிரிப்ட் பூட்டைக் கண்டு, 'பிறகு வாருங்கள்' என்று சொல்லி முடிந்தது. முடிந்தது அல்லவா? உடனே என் முதல் வரி விழித்துக்கொண்டு, முதலாமவர் போட்ட பூட்டை அழித்துவிட்டது. மூன்றாமவர் தடையின்றி உள்ளே போனார். துண்டைக் கண்டு திரும்பியவன், போகிற போக்கில் அந்தத் துண்டையும் உருவிக்கொண்டு போன கதை! பூட்டு தன் கைக்கு வந்த பிறகே 'அழிக்கும் பொறுப்பை' ஏற்க வேண்டும் என்ற பாடத்தை மூன்று பேரின் பெயரைத் தொலைத்துக் கற்றேன்.

இன்னொன்றும் கற்றேன். பேஷ் என்னும் ஷெல்லில், வெளியேறும்போது செய்யச் சொன்ன வேலை 2, 15 போன்ற சைகைகளால் முடிந்தாலும் நடக்கும். டேஷ் என்னும் சிறிய ஷெல்லில் அவ்வாறு நடப்பதில்லை. ஒவ்வொரு சைகைக்கும் தனியே சொல்ல வேண்டும். உபுண்டுவில் 2006 முதல் 'எஸ்எச்' என்று அழைத்தால் வருவது டேஷ்தான். அதே ஸ்கிரிப்ட், அதே வரி. ஒரு கணிப்பொறியில் துடைக்கும், மற்றொன்றில் துடைக்காது.

அரைகுறை மருந்துகள்

இந்நோய்க்கு நம்மிடையே வழங்கும் கைமருந்துகள் மூன்று.

முதலாவது, பூட்டைக் கையால் அழிப்பது. எங்கள் ஆய்வகத்திலும் சில நாளில் எல்லோரும் இதைக் கற்றுக்கொண்டனர். உண்மையிலேயே ஒருவர் உள்ளே இருக்கும்போதும் பொறுமையிழந்து அழித்தனர். பூட்டு பொய் சொல்லத் தொடங்கினால், அது மெய் சொல்லும்போதும் யாரும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது, 'பூட்டு வைத்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டதா? அப்படியானால் போட்டவன் இறந்திருப்பான்' என்று கணக்கிடுவது. பதினொரு நிமிடம் எடுக்கும் நேர்மையான வேலைக்கு இது கொலைத் தண்டனை.

மூன்றாவது, சற்று அறிவுடையது. பூட்டுக் கோப்பினுள் தன் பிராசஸ் எண்ணை எழுதி வைப்பது. தொலைபேசி வழியாகக் கணிப்பொறிகளை இணைத்த யூயூசிபி காலத்திலிருந்தே இது உண்டு. மோடம் போன்ற கருவிகளுக்கான பூட்டுக் கோப்பில் அந்த எண்ணைப் பத்து எழுத்து இடத்தில் எழுத வேண்டும் என்று லினக்ஸின் அடைவமைப்புத் தரநிலையே கூறுகிறது. அடுத்து வருபவன் அந்த எண்ணுக்குரியவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் எண்கள் மறுபடி வழங்கப்படுகின்றன. லினக்ஸில் நெடுங்காலம் இயல்பான வரம்பு 32,768. அதைத் தொட்டதும் சுற்று மீண்டும் தொடங்கும். மின்வெட்டுக்குப் பின்னரோ எண்ணிக்கை தொடக்கத்திலிருந்தே வரும். இறந்தவன் எண் 840 என்றால், இன்று வேறு யாரோ ஒரு 840 உயிரோடு இருப்பான். 'ஆள் இருக்கிறான்' என்று எண்ணி நாம் காத்திருப்போம்.

துண்டு வேண்டாம், உட்காருங்கள்

என் கருத்து இதுதான்: துடைத்துவிட்டுப் போவேன் என்று வாக்களிக்கும் பூட்டைவிட, போட்டவன் உயிரோடு தானும் மறையும் பூட்டே சிறந்தது. துண்டு போடாமல் இருக்கையில் ஆளே உட்கார்ந்திருந்தால், அவர் எழுந்தாலும் மயங்கி விழுந்தாலும் இருக்கை தானே காலியாகிவிடும் அல்லவா?

இவ்வசதி புதியதன்று. பெர்க்லியில் உருவாகி 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே 'எஃப்லாக்' வந்துவிட்டது. இன்று லினக்ஸில் அதே பெயரில் ஒரு கட்டளையும் உண்டு. செய்ய வேண்டியது இரண்டே வரி. முதல் வரியில் பூட்டுக் கோப்பை 9 போன்ற ஓர் எண்ணில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வரியில் அந்த எண்ணின்மீது எஃப்லாக் கேட்க வேண்டும். கிடைக்கும் வரை காத்திருக்கலாம். குறிப்பிட்ட நொடிகள் மட்டும் காத்திருக்கலாம். காத்திராமல் உடனே திரும்பவும் செய்யலாம்.

இதன் சிறப்பு என்ன? பூட்டு என்பது அந்தக் கோப்பு வட்டில் இருப்பதன்று; கெர்னல் தன் நினைவில் வைத்திருக்கும் குறிப்பு. நிரல் எப்படி இறந்தாலும், 9-ஆம் எண் சைகையே ஆனாலும், அது திறந்திருந்த கோப்புகளைக் கெர்னல் மூடும். மூடியவுடன் பூட்டும் போகும். மின்சாரம் நின்றால் நினைவகமே வெறுமையாகிவிடும்; எழுந்து வரும் கணிப்பொறியில் பழைய பூட்டு இராது. துடைக்கும் வேலை, இறப்பவன் கையிலிருந்து இறக்காதவன் கைக்கு மாறிவிடுகிறது.

ஆயினும் மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும்.

ஒன்று: வேலை முடிந்ததும் அந்த வெற்றுக் கோப்பை அழிக்காதீர்கள். அது இருந்தால் தீங்கில்லை, அழித்தால் தீங்கு. பழைய கோப்பில் ஒருவன் காத்திருக்க, அதே பெயரில் புதுக் கோப்பை இன்னொருவன் உருவாக்கிப் பூட்டுவான். இருவர் கையிலும் பூட்டு இருக்கும். இரண்டும் வெவ்வேறு கதவின் பூட்டு.

இரண்டு: ஸ்கிரிப்ட் பின்னணியில் வேறொரு நிரலைத் தொடங்கினால், திறந்த கோப்பு அதற்கும் மரபுரிமையாகப் போகும். தாய் இறந்தாலும் பிள்ளை பூட்டைப் பிடித்திருக்கும். ஆகவே பிள்ளையைத் தொடங்கும்போதே அந்த 9-ஐ மூடிவிட வேண்டும்.

மூன்று: இது கேட்டு வருபவனைத்தான் தடுக்கும். கேளாமல் நேரே பதிவேட்டில் எழுதுபவனைத் தடுக்காது. எல்லோரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றினால்தான் பயன்.

மறுப்புக்கு மறுமொழி

இங்கே ஒரு நண்பர் கேட்டார்: "பூட்டு தானாகத் திறப்பது நல்லதா? இறந்தவன் பதிவேட்டைப் பாதி எழுதி விட்டிருந்தால்? பூட்டு கிடந்தால்தானே ஏதோ தவறு என்று தெரியும்?" மிகச் சரியான கேள்வி. பூட்டு திறப்பதும் பதிவேடு பழுதின்றி இருப்பதும் வேறு வேறு.

அதற்கு விடை, பதிவேட்டின் மேலேயே எழுதாமல் இருப்பது. புதிய பதிவேட்டைத் தற்காலிகப் பெயரில் முழுதும் எழுதி முடித்து, இறுதியில் பெயரை மாற்றி வைக்க வேண்டும். பெயர் மாற்றம், ஒரே வட்டுப் பகுதிக்குள், ஒரே செயலாக நடக்கும். நடுவில் நிரல் இறந்தால் பழையது பழுதின்றி இருக்கும். மின்வெட்டையும் தாங்க வேண்டுமானால், பெயரை மாற்றும் முன் எழுதியது வட்டில் சேர்ந்துவிட்டதை உறுதி செய்துகொள்ள வேண்டும். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'கிட்' மென்பொருள் இவ்வாறே செய்கிறது. அதன் 'இன்டெக்ஸ்.லாக்' கோப்பு பூட்டாகவும் இருக்கும், புதிய நகலாகவும் இருக்கும். முடிந்ததும் பெயர் மாறும். கிட் நடுவில் கொல்லப்பட்டால் அக்கோப்பு கிடக்கும். நாம்தான் வேறு கிட் ஓடவில்லை என்று உறுதி செய்து அழிக்க வேண்டும். பெரியவர்களும் துண்டு போடுகிறார்கள் என்பது உண்மை. காரணத்தோடு போடுகிறார்கள், நாம் காரணம் தெரியாமல் போடுகிறோம்.

இதற்கு நேர்மாறு டெபியன், உபுண்டுகளில் மென்பொருள் நிறுவும் 'டிபிகேஜி'. அதன் பூட்டுக் கோப்பு எப்போதும் வட்டில் இருக்கும். உண்மைப் பூட்டு கெர்னலிடம். 'பூட்டப்பட்டுள்ளது' என்று அது சொன்னால் யாரோ உயிரோடு பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கோப்பை அழித்துவிடு என்று நம் விடுதியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது தவறான வைத்தியம். பிடித்திருப்பவர் யார் என்று பார்த்து, அவர் முடிக்கும் வரை காத்திருப்பதே முறை.

என் வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களே! செய்முறைத் தேர்வில் எங்கள் நிரல் சரியான விடை தருகிறதா என்று பார்க்கிறீர்கள். விடை வந்தால் மதிப்பெண். நல்லதுதான். அதோடு இன்னொன்றும் கேட்கிறேன். நிரல் பாதி ஓடும்போது ஒருமுறை கன்ட்ரோல்-சி அழுத்துங்கள். ஒருமுறை 9-ஆம் எண் சைகையால் கொல்லுங்கள். மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள். ஓடினால் ஐந்து மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள். ஐந்து மதிப்பெண்ணுக்காகவேனும் நாங்கள் சாவைப் பற்றிச் சிந்திப்போம்!

தோழர்களே! நாளை நம்மில் சிலர் வங்கிக்கும், மருத்துவமனைக்கும், ரேஷன் கடைக்கும் நிரல் எழுதப்போகிறோம். அங்கே வரிசையில் நிற்பவர் திரையில் 'பொறுங்கள்' என்று வந்தால் பொறுப்பார். உள்ளே ஆள் இருக்கிறாரா, துண்டு மட்டும் கிடக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டியவர் நாம்.

என் ஸ்கிரிப்ட் இப்போது எஃப்லாக்கில் ஓடுகிறது. இந்த ஆண்டு சமர்ப்பிப்பின்போதும் மின்சாரம் நின்றது. நம் ஊர் ஆயிற்றே! திரும்பி வந்ததும் அடுத்தவர் பெயர் தடையின்றிப் பதிவாயிற்று. சென்ற ஆண்டு சுழி வாங்கிய அந்த மாணவி நாலரை மணிக்கே வேலையை முடித்துவிட்டு, "இன்னிக்குப் பொறுக்கச் சொல்லலையே அண்ணா!" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்டார்.

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதையே பெரிதாக எண்ணுகிறேன்.